அண்ணன் பேரில் ஒரு கல்

ராணுவக் கணக்குப்படி மருதாசலம் செத்துப் பத்து வருசம் ஆகப் போகிறது. ஆனால் தொண்ணூற்றேழாம் வருசம் தை மாதத்தில் அதே மருதாசலம் சூலூரில் ஒரு மெட்ரிகுலேசன் பள்ளிக்கூடத்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு நன்றாகத்தான் இருந்தான். செத்தது அவன் தம்பி காளிச்சாமி. குன்னூர் மலைமேல் ராணுவ முகாமின் நினைவுச் சுவரில் வெட்டியிருந்தது அண்ணன் பேர்.

இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மேட்டுக்காடும் வற்றிப்போன கிணறும் வைத்திருந்த குடும்பம். அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். தம்பி கணக்கில் கோட்டை விட்டவன், மறுபடி எழுதி மறுபடியும் விட்டவன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேருமே துடித்தார்கள். அண்ணனுக்குப் படிப்பு இருந்தது, மார்பு அகலம் இல்லை. தம்பிக்கு மார்பு இருந்தது, படிப்பு இல்லை. அப்புறம் என்ன, அண்ணன் சர்டிபிகேட்டைத் தம்பி எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பக்கத்தில் அப்படிப் போனவன் இவன் ஒருத்தன் மட்டும் இல்லை என்று சொல்லுவார்கள். யாருக்கும் அது களவாகவே தோன்றவில்லை. ஒரே வீட்டுச் சட்டையை யார் போட்டால் என்ன என்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள்.

லீவில் வரும்போதெல்லாம் காளிச்சாமி வாசலிலேயே விறைப்பாக நின்று, மருதாசலம் வந்திருக்கான் என்று சல்யூட் வைப்பான். அண்ணன் சிரித்துக்கொண்டே, அப்ப நான் யாருடா என்பான்.

"பேரு உன்னுது, ஒடம்பு என்னுது. ரெண்டு பேருஞ் சேந்தாத்தான் பட்டாளத்துக்கு ஒரு ஆளு ஆகுது" என்பான் தம்பி.

அவர்கள் அம்மா ராமாத்தாள் அடுப்படியில் இருந்து இதைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் எண்பத்தேழோடு சரி.

எண்பத்தேழில் அவனைக் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துப் பக்கம் அனுப்பினார்கள். ஐப்பசியில் ஒரு நாள் காலை ஒரு போலீஸ்காரரும், பேண்ட் சட்டை போட்ட ஒரு ஆபீஸ்காரரும் தோட்டத்துக்கு வந்தார்கள். மருதாசலம் தறிப்பட்டறையில் இருந்து அப்போதுதான் திரும்பி, சட்டை முழுக்கப் பஞ்சோடு கிணற்றடியில் நின்றான். ஆபீஸ்காரர் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தலையைத் தடவிக்கொண்டு, அம்மா, உங்கள் மகன் மருதாசலம் வீரமரணம் அடைந்துவிட்டார் என்றார்.

ராமாத்தாள் திரும்பி மருதாசலத்தைப் பார்த்தாள். இதா நிக்கறானே என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு விநாடி சந்தோசம் வந்ததை மருதாசலம் கண்ணால் பார்த்தான். அப்புறம் அவளுக்கு விசயம் புரிந்தது. வந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஒரு விநாடிச் சந்தோசத்துக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. பெற்றவளுக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை பாருங்கள், இழவுச் செய்தியை இரண்டாம் தடவையாகத் தானே யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

போலீஸ்காரர் மருதாசலத்தைப் பார்த்து, நீ யாருப்பா என்றார். நின்ற நிலையில் அவன், தம்பிங்க, பேரு காளிச்சாமிங்க என்று சொல்லிவிட்டான். அதை யோசித்துச் சொன்னான் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சொன்னது.

உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டு ஒரு பெட்டியில் சாம்பல் வந்தது. பெட்டியோடு ஒரு சிப்பாய் வந்தார். நல்ல மனுசன், அதுதான் வினையாகப் போய்விட்டது. கடமைக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல், பவானி கூடுதுறையில் சாம்பலைக் கரைக்கிற வரைக்கும் கூடவே இருந்தார். அவர் காது கேட்க ஊர்ப் பெண்கள் எப்படிக் காளிச்சாமி என்று அழுவார்கள்? ஒருத்தி ஆரம்பித்தாள், பங்காளி ஒருவர் போய் அதட்டி நிறுத்தினார். அதற்கு மேல் ராமாத்தாள்தான் துணிந்து மார்பில் அடித்துக்கொண்டு, மருதாசலா, என்ற மருதாசலா என்று அழுதாள். மருதாசலம் பக்கத்தில் மொட்டைத் தலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கூடுதுறையில் ஐயர் செத்தவர் பேர் கேட்டபோதும் அவன் தன் பேரையே சொன்னான். தன் பேருக்குத் தானே எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஆற்றில் முழுகி எழுந்தான்.

அந்தச் சண்டையில் செத்தவனுக்கு ஊரில் தோரணம் கட்டவில்லை, போஸ்டர் அடிக்கவில்லை. நம்ம சனத்தைச் சுடத்தானே போனான் என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். அதைக் கேட்டும் மருதாசலம் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தான். சண்டை போடப் போனால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் பேர் வெளியே வரும் என்ற பயம்.

பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அழகிரிசாமி. ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் கேஸ் போடுவார்கள், அம்மாவுக்கு வரும் பென்சனை நிறுத்துவார்கள், அது கூடப் பரவாயில்லை, கல்லில் வெட்டியிருக்கிற பேரையும் செதுக்கி எடுத்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். அப்படி உண்மையில் செய்வார்களா மாட்டார்களா என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் பயந்து போனவன் சட்டத்தை விசாரித்துக்கொண்டா இருப்பான்? மருதாசலம் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவையும் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சூலூருக்கு வந்து ஒரு லைன் வீட்டில் குடியேறினான். அங்கே யாருக்கும் அவனை முன்னே பின்னே தெரியாது என்பதால் தன் சொந்தப் பேரிலேயே இருந்தான். காளிச்சாமியின் போட்டோ டிரங்குப் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் போனது. வளர்ந்த மகளுக்குச் சித்தப்பன் ஒருத்தன் இருந்தான் என்றே யாரும் சொல்லவில்லை. குழந்தை வாயில் இருந்து ஒரு நாள் வெளியே விழுந்துவிடும் அல்லவா?

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் அதற்கு மேல் எந்த வேலைக்கும் மனுப்போடவில்லை. செத்தவன் சர்டிபிகேட்டை எவன் நீட்டுவான்? எட்டாவது படிப்பைக் காட்டி லைசென்ஸ் எடுத்தான், லாரி ஓட்டினான், பிறகு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வந்தான். ராமாத்தாள் அன்றைக்கு அழுததற்கு அப்புறம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இருக்கிறவன் பேரைச் சொல்லி இழவு அழுதுவிட்டோமே என்ற உறுத்தல். கண்ணு என்பாள், பெரியவனே என்பாள். வாசலில் யாராவது மருதாசலம் என்று கூப்பிட்டால் அவள் கையில் இருக்கிற வேலை ஒரு கணம் நின்று போகும்.

விதி அவனைச் சும்மா விடுமா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சரித்திர வாத்தியார் இருந்தார், கோவிந்தராஜுலு என்று. மற்ற பள்ளிக்கூடங்கள் டூர் என்றால் போட் ஹவுசுக்கும் பார்க்குக்கும் போகும். இவருக்கு அது பிடிக்காது. சண்டை நடந்த மண்ணில் நின்றால்தான் பிள்ளைகளுக்குச் சரித்திரம் ஏறும் என்பார். ஒரு வருசம் சங்ககிரிக் கோட்டை, ஒரு வருசம் ஓடாநிலை, ஒரு வருசம் மைசூர் தாண்டி சீரங்கப்பட்டணம். வெயிலில் பிள்ளைகளைக் கோட்டைமேல் ஏற்றி, இங்கே பீரங்கி நின்றது, இங்கே பாலம் எரிந்தது என்று கையை வீசிக் காட்டுவார். பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டு கேட்கும். மருதாசலம் பஸ் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வான். அந்தச் சண்டைகளில் செத்தவர்களுக்கு அழ யாரும் மிச்சம் இல்லை, அதனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் வாத்தியார் ஐந்தாம் வகுப்பை மட்டும் வருசம் தவறாமல் குன்னூர் மலைக்கு, அந்த நினைவுச் சுவருக்குக் கூட்டிப்போவார். அதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் தனக்குப் பிடித்த ஒரு பேரைத் தேடி எடுக்க வேண்டும். அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பேரை மூன்று தடவை சேர்ந்து சொல்லி வீரவணக்கம் வைக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும்தான் செத்தவன் உயிரோடு இருப்பான் என்பது வாத்தியாரின் கட்சி. நல்ல கட்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருசம் அருண்குமார் என்று ஒரு பையன் அந்தப் பேரைப் படித்துவிட்டான். பிள்ளைகள் மருதாசலம், மருதாசலம், மருதாசலம் என்று கத்தியபோது டிரைவர் மருதாசலம் கேட்டுக்கு வெளியே நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா டயரையும் தட்டி முடித்தவன் மறுபடி முதல் டயரில் இருந்து ஆரம்பித்தான்.

இந்தக் கதையை ஒரு நாள் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த எண்ணம். அவர்கள் குலத்தில் சண்டையில் செத்தவனுக்குக் கல் நடுகிற வழக்கம் உண்டு. கல் எங்கே நட்டிருக்கிறதோ அங்கேதான் செத்தவன் வந்து நிற்பான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கல்லில் விட்டால்தான் தாகம் தீர்ந்து போய்ச் சேருவான். காளிச்சாமிக்குக் கல் மலைமேல் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் எல்லாம் கூப்பிடுவது வேறு பேர்.

"உன்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டா அவன் எப்புடித் திரும்பிப் பாப்பான் கண்ணு?" என்றாள். "அண்ணனைக் கூப்புடறாங்கன்னு சும்மாவே நின்னுட்டிருப்பான். பத்து வருசமாத் தண்ணி தவிச்சுட்டு நிக்கறான்."

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இதயம் வீங்கியிருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒருக்கா அங்கே கொண்டுபோய் விடு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணி விட்டுட்டு வந்தர்றேன் என்றாள். சோறு போடும்போது கேட்டாள், மாத்திரை கொடுக்கும்போது கேட்டாள். மேலே விமானப்படை விமானம் பறக்கிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு, சத்தம் போனதும் மறுபடி கேட்டாள்.

தனியாகக் கூட்டிப்போகலாம்தான். ஆனால் இரண்டு பேர் தனியாகப் போய் ஒரு பேருக்கு முன்னால் நின்றால், நீங்கள் யார், உறவா, எங்கே இருந்து வருகிறீர்கள் என்று காவலுக்கு நிற்கிறவர் கேட்பார். பிள்ளைகள் கூட்டத்தோடு போனால் ஒன்றும் தெரியாது. அந்த வருசம் மகள் மோகனப்பிரியாவும் ஐந்தாம் வகுப்பு. ஆயாம்மா ஊருக்குப் போயிருந்தாள். மலை ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுத்தால் பார்த்துக்கொள்ள எங்கள் அம்மாவைக் கூட்டி வரட்டுங்களா என்று மருதாசலம் வாத்தியாரிடம் கேட்டான். கோவிந்தராஜுலு தாராளமாக வரட்டும் என்றார்.

திட்டத்தை அவன் அம்மாவுக்கு நாலு தடவை சொன்னான். வாத்தியார் பேர் கூப்பிட வைக்கிற நேரம் நீ மரத்தடியில் உட்கார்ந்திரு. அது முடிந்ததும் பிள்ளைகள் சாப்பிடக் கீழே புல்வெளிக்குப் போவார்கள். அப்போது நான் வந்து உன்னைக் கூட்டிப்போய்ப் பேர் இருக்கிற இடத்தில் நிறுத்துகிறேன். மெதுவாகக் கூப்பிடு. தண்ணியை விடு. வந்துவிடலாம். அவள் தலையை ஆட்டினாள். மகளிடமும் அவன், முதல் வரிசையில் இருக்கிற பேராகப் பார்த்துப் படி கண்ணு, அதுதான் நல்லாத் தெரியும் என்று சொல்லி வைத்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். சரியாகச் செய்தால் சரியாக நடக்கும் என்று எந்தச் சாமி அவனுக்குச் சொன்னதோ!

விடிவதற்கு முன்பே பஸ் கிளம்பியது. ராமாத்தாள் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பித்தளைச் சொம்பு, வாயைத் துணியால் கட்டியது. கருமத்தம்பட்டித் தோட்டத்துக் கிணற்றில் அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை முந்தின நாள் மருதாசலம் போய் மொண்டு வந்திருந்தான். காளிச்சாமி நீச்சல் பழகிய கிணறு அது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் பிள்ளைகளுடைய பாட்டு அடங்கி, ஒவ்வொன்றாக வாந்தி ஆரம்பித்தது. ராமாத்தாள் ஒரு கையால் சொம்பைப் பிடித்துக்கொண்டே மறு கையால் நெற்றியைத் தாங்கினாள், எலுமிச்சம்பழத்தை முகர வைத்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மருதாசலம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். சொம்பில் இருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவன் பல வருசமாகப் பார்த்ததில்லை. அந்த மலைப்பாதையில் மட்டும் அவனுக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, அதை மறைப்பானேன்.

நினைவுச் சுவர் கறுப்புக் கல்லில் நீளமாக இருந்தது. வரிசை வரிசையாக இங்கிலீஷ் எழுத்து. இரண்டு பக்கமும் பழைய பீரங்கி, முன்னால் வெட்டிவிட்ட புல். காவலுக்கு ஒரு ஹவில்தார் நின்றார். வயதானவர், தமிழ்க்காரர், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். ராமாத்தாள் சொன்னபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அத்தனை பேரில் எது தன் பிள்ளை என்று தெரியாமல் சுவரை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேர் படித்தார்கள். எங்கெங்கேயோ பிறந்தவர்கள் பேர் எல்லாம் சூலூர்ப் பிள்ளைகள் வாயில் மூன்று மூன்று தடவை கேட்டது. மோகனப்பிரியாவின் முறை வந்தது. அப்பன் சொன்ன முதல் வரிசையை அவள் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நேராகப் போய்ச் சுவரின் கீழ்ப்பக்கம் விரலை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், எங்கப்பா பேரு! மருதாசலம்!"

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கோவிந்தராஜுலுவுக்கும்தான். வாங்க மருதாசலம், உங்க பேர்ல ஒரு வீரர் இருக்காருங்க, வந்து பக்கத்தில் நில்லுங்க என்று கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு தடவை முடிந்தது. இரண்டாவது தடவைக்கு முன்னால் மரத்தடியில் இருந்து ராமாத்தாள் வந்துவிட்டாள். வீங்கின காலோடு அவ்வளவு வேகமாக அவள் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிற மகன் இழவுக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறான், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எந்தத் தாய்தான் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள்? பேத்தியின் வாயைக் கையால் பொத்தினாள்.

"அப்பன் பேரைச் சொல்லாத கண்ணு. அப்பன் பேரை இங்க சொல்லக் கூடாது. இது காளிச்சாமி. என்ற காளிச்சாமி."

பிள்ளைகள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார், யாருங்கம்மா காளிச்சாமி என்று மெதுவாகக் கேட்டார். ஹவில்தார் புல்வெளியைத் தாண்டி வந்தார். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் கூடத் தேவலை. அவர் குனிந்து ராமாத்தாளின் முகத்தைப் பார்த்து, உங்க மகனாம்மா, எந்தச் சண்டையிலம்மா என்று கேட்டார். பத்து வருசத்தில் அந்தக் கேள்வியை அப்படி ஒருத்தர் அவளிடம் கேட்டதில்லை.

ராமாத்தாள் திரும்பினாள். மருதாசலத்தைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை அது. ஆமாங்க என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருதாசலத்தின் கண்ணுக்கு முன்னால் ஹவில்தாரின் பட்டாளத்துச் சட்டையும் பித்தளைப் பட்டனும்தான் இருந்தன. கேஸ், ஜெயில், மகள் படிக்கிற பள்ளிக்கூடம், ஓட்டுகிற பஸ், உளியை வைத்து அந்தப் பேரைச் செதுக்கி எடுக்கிற யாரோ ஒருவன், எல்லாம் ஒரே நேரத்தில் அவன் தலைக்குள் வந்தன. பயத்திலேயே பழகிப்போன வாய். கிணற்றடியில் அன்றைக்குத் தானாகப் பேசின அதே வாய்.

"எங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளாப் புத்தி தடுமாறுதுங்க" என்றான். "காளிச்சாமின்னு யாருமில்லீங்க. எனக்குத் தம்பியே கெடையாதுங்க."

அவனிடம் தம்பியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. ஹவில்தார் பாவம் என்றார், நிழலில் உட்கார வையுங்கள் என்றார். ராமாத்தாள் பேத்தியின் வாயில் இருந்து கையை எடுத்தாள். யார் தோளையும் பிடிக்காமல் மரத்தடிக்குத் திரும்பி நடந்தாள். வாத்தியாருக்கு ஆரம்பித்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் இல்லை. பிள்ளைகள் சத்தம் குறைத்து மிச்சம் இரண்டு தடவையையும் சொல்லி முடித்தார்கள். மருதாசலம் தன் பேருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். மோகனப்பிரியா கொடுத்த செவ்வந்திப் பூவைக் கல்லுக்கு அடியில் வைத்தான்.

பிள்ளைகள் புளிச்சோறு சாப்பிடப் புல்வெளிக்குப் போனார்கள். ஹவில்தாரும் அந்தப் பக்கம் போய்விட்டார். சுவருக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவன் திட்டம் போட்ட நேரம் அதுதான், சொன்னது சொன்னபடி வந்து நின்றது. மருதாசலம் ஓட்டமாக மரத்தடிக்குப் போனான்.

"அம்மா, இப்ப வாங்க. யாருமே இல்லீங்க. எடத்தையும் பாத்துட்டீங்கல்ல, வாங்க, கூப்புடுங்க."

ராமாத்தாள் எழுந்திருக்கவில்லை. சொம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். கோபமாக இருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். கோபமாக இல்லை.

"வேண்டாங் கண்ணு" என்றாள். "அவன் கேட்டுருப்பான்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தம்பியே கிடையாது என்று கல்லுக்கு இரண்டு அடி தள்ளி நின்று அவன் சொன்னதைத்தான் அம்மா சொல்கிறாள். அண்ணன் குரலைத் தம்பிக்குத் தெரியாதா? பத்து வருசமாகத் தன்னை யாரும் கூப்பிடாமல் நின்றவன் காதில் முதன்முதலாகத் தன் பேர் சரியாக விழுந்தது, விழுந்த கையோடு அண்ணன் வாயால் இல்லை என்றும் ஆகிவிட்டது. இனி அம்மா போய்க் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? மருதாசலம் துண்டை வாயில் வைத்து அழுதான். ராமாத்தாள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அது இன்னும் கொடுமையாக இருந்தது. கீழே பிள்ளைகள் சோற்றுப் பொட்டலத்தின் காகிதங்களை உருட்டிப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பஸ் மலை இறங்கியது. பிள்ளைகள் களைத்துத் தூங்கினார்கள். வாத்தியாரும் முன் சீட்டில் தலை தொங்கிப்போய் இருந்தார். மோகனப்பிரியாவுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஆத்தா ராமாத்தாளின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டு படித்த பேரால் என்னமோ தப்பு நடந்துவிட்டது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது, என்னவென்று தெரியவில்லை. பர்லியார் வளைவுகளில் அவளுக்கும் வயிற்றைப் பிரட்டியது. வாய் வறண்டு போயிற்று. பிள்ளைகள் கொண்டு வந்த வாட்டர் பாட்டில்கள் எல்லாம் காலியாகிவிட்டிருந்தன.

"அப்பா" என்று முன்னால் குனிந்து கேட்டாள். "காளிச்சாமின்னா யாருங்கப்பா?"

மருதாசலம் கியரை மாற்றினான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கண்ணாடியில் அம்மா முகம் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. சொம்பு வாயில் கட்டியிருந்த துணியை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருமில்ல கண்ணு" என்றாள் ராமாத்தாள். "இந்தா, இந்தத் தண்ணியக் குடி."